டிரினிட்டியின் மாணவர் சங்கங்கள்: எதில் சேர்வது, எதற்காகச் சேர்வது?

நீங்கள் கேட்டது இது: மகளுக்கு டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. முதல் வாரமே நூற்றுக்கும் மேற்பட்ட சங்கங்களும் விளையாட்டுக் கிளப்புகளும் ஆள் சேர்க்க வரிசையாக நிற்கும் என்கிறார்கள். 250 வயதான பேச்சு மன்றம்கூட இருக்கிறதாம். இவை வெறும் பொழுதுபோக்கா, படிப்பைக் கெடுக்குமா, எதில் சேர்ந்தால் பயன்?

சேரச் சொல்லுங்கள். இரண்டு மூன்று போதும். அவற்றில் ஒன்றிலாவது வெறும் உறுப்பினராக இருந்துவிடாமல், சிறியதோ பெரியதோ ஒரு பொறுப்பை ஏற்கச் சொல்லுங்கள். என் பதில் இவ்வளவுதான். ஆனால் இதை இவ்வளவு உறுதியாக ஏன் சொல்கிறேன் என்பது புரிய வேண்டுமானால் அந்தச் சங்கங்கள் எப்படிப் பிறந்தன, எப்படி நடக்கின்றன என்பது தெரிய வேண்டும். அங்கே படித்தவன் என்ற முறையிலும், ஒரு சின்னச் சங்கத்தின் பொருளாளராக இருந்தவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நம் ஊர்க் கல்லூரிகளில் மன்றம் என்றால் பொறுப்பாசிரியர் ஒருவர் இருப்பார். முதல்வர் விளக்கேற்றித் தொடங்கிவைப்பார். கூட்டத்துக்கு யாரை அழைப்பது, எவ்வளவு செலவழிப்பது என்பதெல்லாம் ஆசிரியர் அறையில்தான் முடிவாகும். டிரினிட்டியில் அப்படி இல்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாருமே மாணவர்கள். தேர்தல் வைத்து வருகிறார்கள், ஓராண்டில் இறங்கிவிடுகிறார்கள். வங்கிக் கணக்கு அவர்கள் கையில். விருந்தினருக்குக் கடிதம் எழுதுவது அவர்கள். கூட்டம் சொதப்பினால் பதில் சொல்ல வேண்டியவர்களும் அவர்களே. இது ஏதோ அண்மையில் வந்த சீர்திருத்தம் அல்ல. பழைய சங்கங்கள் நிர்வாகம் உருவாக்கியவை அல்ல, மாணவர்களே தொடங்கியவை. சில காலங்களில் நிர்வாகம் எதிர்த்து நின்றபோதும் பிழைத்தவை.

கல்லூரி 1592-இல் முதலாம் எலிசபெத் அரசியின் பட்டயத்தால் தொடங்கப்பட்டது. ஒரு சின்னக் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். பல கிளப்புகளின் பெயர் 'டப்ளின் யூனிவர்சிட்டி' என்று தொடங்கும். பட்டம் வழங்குவது டப்ளின் பல்கலைக்கழகம். அதன் ஒரே கல்லூரி டிரினிட்டி. நடைமுறையில் இரண்டும் ஒன்றே. யூனிவர்சிட்டி காலேஜ் டப்ளின், டப்ளின் சிட்டி யூனிவர்சிட்டி இரண்டும் வேறு நிறுவனங்கள். இணையத்தில் தேடும்போது மகள் இதைக் கவனிக்கட்டும்.

இனி அந்த 250 வயது மன்றம். 1747 ஏப்ரலில் எட்மண்ட் பர்க் என்ற மாணவர் சில நண்பர்களுடன் சேர்ந்து ஒரு சிறு கழகம் தொடங்கினார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. தலைப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு முறை வைத்துப் பேசுவது, ஒருவர் பேச்சை இன்னொருவர் விமர்சிப்பது, நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பது, இதுதான் அவர்கள் வேலை. அந்தக் குறிப்பேடு இன்றும் கல்லூரியில் பத்திரமாக இருக்கிறது. அந்தக் கழகமும் பின்னர் வந்த வரலாற்றுக் கழகமும் வித்தாக அமைய, 1770-இல் கல்லூரி வரலாற்றுச் சங்கம் உருவானது. எல்லாரும் சுருக்கமாக 'ஹிஸ்ட்' என்பார்கள். பெயரில் வரலாறு இருப்பதற்குக் காரணம் உண்டு. தொடக்க காலத்தில் உறுப்பினர்கள் வரலாற்று நூல்களைப் படித்து வந்து கூட்டத்தில் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். விவாதம் அதற்கு அப்புறம்தான். காலப்போக்கில் வரலாற்றுத் தேர்வு போய்விட்டது, விவாதம் நிலைத்தது.

பர்க் பின்னாளில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மிகப் பெரிய பேச்சாளர்களில் ஒருவரானார். தமிழ் வாசகர்கள் அவரைத் தெரிந்துகொள்ள ஒரு தனிக் காரணம் இருக்கிறது. 1785 பிப்ரவரியில் ஆற்காட்டு நவாபின் கடன்கள் பற்றி அவர் ஆற்றிய உரை நம் மண்ணைப் பற்றியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்களே நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்து, அந்தக் கடனை அடைக்க, அன்று கர்நாடகம் என்று அழைக்கப்பட்ட நம் பகுதி மக்களின் வரியைச் சுரண்டியதை அவர் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டினார். ஹைதர் அலியின் படையெடுப்பில் அந்தப் பகுதி எரிந்ததையும், தஞ்சை உள்ளிட்ட நிலங்களுக்கு நீர் தந்த ஏரிகளை நம் முன்னோர் எப்படிக் கட்டிக் காத்தார்கள் என்பதையும் அதில் விரிவாகப் பேசியிருக்கிறார். ஒரு முறைகூட இந்தியாவுக்கு வராதவர். ஆவணங்களைப் படித்து, அவற்றை வாதமாக அடுக்கும் பழக்கத்தின் முதல் பயிற்சியை அந்த மாணவர் கழகத்தில் பார்க்கிறேன். கல்லூரியின் முன்வாசலில் அவருடைய சிலை நிற்கிறது. உங்கள் மகள் தினமும் அதைக் கடந்துதான் போவாள்.

ஹிஸ்டின் தலைவருக்கு 'ஆடிட்டர்' என்று பெயர். கணக்குத் தணிக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1785-இல் அந்தப் பதவியில் இருந்தவர் உல்ஃப் டோன். அவர்தான் பின்னர் ஐக்கிய அயர்லாந்துக்காரர்கள் என்ற புரட்சி அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். பிரெஞ்சுக் கப்பற்படையுடன் வந்து 1798-இல் பிடிபட்டவர். மாணவப் பருவத்தில் ஹிஸ்டின் பதக்கங்களை வாங்கியவரும் அவரே. இப்படிப்பட்டவர்கள் உருவாகும் இடத்தை நிர்வாகம் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருக்குமா? 1794-இல் மோதல் முற்றிச் சங்கம் கல்லூரியை விட்டு வெளியே போக வேண்டியதாயிற்று. உள்ளே மறுபடி தொடங்க அனுமதி கொடுத்தபோது, நடப்பு அரசியலை விவாதிக்கக் கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்து வந்தது.

மாணவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பழைய கிரேக்க, ரோமானிய வரலாற்றிலிருந்து தலைப்பு எடுத்தார்கள். கொடுங்கோலன் ஒருவனை எதிர்ப்பது நியாயமா என்று ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய ஊரைப் பற்றிப் பேசினால் விதி மீறல் ஆகாது. அறையில் இருந்த அத்தனை பேருக்கும் யாரைப் பற்றிய பேச்சு என்று தெரியும். அந்த அறையில் மிகச் சிறந்த பேச்சாளர் ராபர்ட் எம்மெட். அவருடன் படித்த கவிஞர் தாமஸ் மூர் பின்னாளில் எழுதிய நினைவுகளில் ஒரு செய்தி வருகிறது: எம்மெட்டின் பேச்சு இளைஞர்களை ஈர்ப்பதைக் கண்டு, அவருக்கு மறுப்புச் சொல்வதற்கென்றே பேச்சில் பெயர்பெற்ற மூத்தவர் ஒருவர் கூட்டத்துக்கு வந்தாராம். 1798-இல் பல்கலைக்கழகத் துணைவேந்தர் கிளேர் பிரபு நேரில் வந்து மாணவர்களைக் கூண்டில் ஏற்றாத குறையாக விசாரித்தார். பத்தொன்பது பேர் நீக்கப்பட்டார்கள், எம்மெட் உட்பட. 1803-இல் தோல்வியில் முடிந்த ஒரு கிளர்ச்சிக்காக அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டபோது, தீர்ப்புக்கு முன் அவர் ஆற்றிய உரை அயர்லாந்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்றும் தெரியும். தன் நாடு உலக நாடுகளின் வரிசையில் இடம்பெறும் வரை தன் கல்லறையில் எதுவும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட உரை அது. எம்மெட்டுக்கு அப்போது வயது 25.

1815-இல் சங்கம் மறுபடி மூடப்பட்டது. ஆனால் பழக்கம் விட்டுப்போகவில்லை. மாணவர்கள் ஊருக்குள் வேறு இடத்தில் கூடினார்கள். 1843-இல்தான் கல்லூரிக்குள் முறையாகத் திரும்பினார்கள். இந்த வெளியேற்ற காலத்தில், 1840-இல், தலைவராக இருந்த தாமஸ் டேவிஸ் ஆற்றிய உரையை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பேன். இறந்த மொழிகளையும் அந்நிய வரலாற்றையும் மட்டுமே கற்றுத்தரும் கல்வியைக் குறைசொல்லிவிட்டு, 'உங்களுக்கு ஒரு நாடு இருக்கிறது' என்று சக மாணவர்களிடம் சொன்னார். கேட்டவர்களில் பெரும்பாலோர் வசதியான புராட்டஸ்டன்ட் குடும்பத்துப் பிள்ளைகள். இரண்டே ஆண்டில் டேவிஸ் நண்பர்களுடன் சேர்ந்து 'நேஷன்' என்ற தேசியவாதப் பத்திரிகையைத் தொடங்கினார். நண்பர்களில் ஒருவரான ஜான் பிளேக் டிலனும் இதே சங்கத்தில் பழகியவர்தான்.

கதை இத்தோடு நிற்கவில்லை. 1914-இல் டேவிஸின் நூற்றாண்டு வந்தது. கல்லூரியில் 1907 முதல் இயங்கிவந்த ஐரிஷ் மொழிச் சங்கமான கமன் கேலக் விழா எடுக்கத் திட்டமிட்டது. பேச அழைக்கப்பட்டவர்களில் கவிஞர் யேட்ஸும் பாட்ரிக் பியர்ஸும் உண்டு. முதல் உலகப் போருக்கு ஆள் சேர்ப்பதை எதிர்த்தவர் பியர்ஸ். அப்போதைய கல்லூரித் தலைவர் மஹாஃபி, 'பியர்ஸ் என்ற ஒரு மனிதர்' பேசுவதை அனுமதிக்க முடியாது என்று கூட்டத்தைத் தடை செய்தார். விழா கல்லூரிக்கு வெளியே ஓர் அரங்கத்தில் நடந்தது. ஒன்றரை ஆண்டில், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் வெடித்த 1916 ஈஸ்டர் எழுச்சியின்போது, சுதந்திரப் பிரகடனத்தைப் படித்தவர் அதே பியர்ஸ். அதே வாரத்தில் டிரினிட்டி வளாகம் பிரிட்டிஷ் பக்கம் நின்றது. மாணவர் படைப் பயிற்சிப் பிரிவினர் துப்பாக்கியோடு காவல் காத்தார்கள். ஒரே மதிலுக்குள் இரண்டு அயர்லாந்தும் இருந்தன. கல்லூரியின் வரலாற்றைப் புரட்சியின் தொட்டில் என்று மட்டுமே பெருமையாகச் சொல்பவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள். அயர்லாந்துக்குத் தன்னாட்சி கூடாது என்று பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பிய வட பகுதியினருக்குத் தலைமை தாங்கிய எட்வர்ட் கார்சனும் ஹிஸ்டில் பேசிப் பழகியவர்தான்.

ஹிஸ்டுக்குப் போட்டியாளர் ஃபில். பல்கலைக்கழகத் தத்துவச் சங்கம் என்பது முழுப்பெயர். இப்போதுள்ள அமைப்பு 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவானது. ஆனால் 1683-இல் வில்லியம் மோலினோ தொடங்கிய டப்ளின் தத்துவக் கழகத்தின் வாரிசு தாங்களே என்று அவர்கள் சொல்வார்கள். ஹிஸ்ட்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். உலகின் மிகப் பழைய மாணவர் சங்கம் எது என்ற இந்தச் சண்டை ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்களின் காதில் விழும். தொடர்ச்சியாகக் குறிப்பேடு யாரிடம் இருக்கிறது என்று பார்த்தால் ஹிஸ்டின் பக்கம் நியாயம் அதிகம் என்பது என் எண்ணம். ஆஸ்கர் வைல்ட் ஃபில்லில் இருந்தார். டிராகுலாவைப் படைத்த பிராம் ஸ்டோக்கர் ஃபில்லின் தலைவராகவும் இருந்தார், 1872-இல் ஹிஸ்டின் ஆடிட்டராகவும் இருந்தார். இரண்டு பக்கத்திலும் நல்ல பெயர் எடுப்பது எவ்வளவு கடினம் என்று அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இரண்டு சங்கங்களும் இன்று ஒரே கட்டடத்தில்தான் வாழ்கின்றன. கல்லூரியின் முந்நூறாவது ஆண்டு நினைவாகப் பழைய மாணவர்கள் எழுப்பிய பட்டதாரிகள் நினைவுக் கட்டடம் அது. தாமஸ் ட்ரூ வடிவமைத்தார், 1902-இல் திறந்தார்கள். மணிக்கூண்டுக்குப் பக்கத்தில், சாம்பல் கல்லில், விக்டோரிய வீடு போல நிற்கும். யாரும் அதன் முழுப்பெயரைச் சொல்வதில்லை, ஜி.எம்.பி. என்றால் போதும். 1830-இல் தொடங்கிய இறையியல் சங்கமான தியோவுக்கும் அங்கேதான் இடம். விவாத அறைக்குப் பக்கத்தில் ஒவ்வொரு சங்கத்துக்கும் சோபாக்கள் போட்ட ஓர் உரையாடல் அறை இருக்கும். வகுப்புக்கு வகுப்பு இடைவெளியில் குளிருக்கு ஒதுங்கி, தெரியாத ஒருவரோடு பேச்சுத் தொடங்க அதைவிட நல்ல இடம் வளாகத்தில் இல்லை.

விவாதம் எப்படி நடக்கும்? ஹிஸ்ட் புதன் மாலை, ஃபில் வியாழன் மாலை. முதலில் சங்கத்தின் உள்விவகாரம்: சென்ற கூட்டத்தின் குறிப்பைச் செயலாளர் படிப்பார், உறுப்பினர்கள் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்பார்கள், சிரிப்பு பறக்கும். அப்புறம் அன்றைய தீர்மானம். ஆதரித்து ஒருவர், எதிர்த்து ஒருவர் என்று மாறி மாறிப் பேசுவார்கள். நம் பட்டிமன்றம் பார்த்துப் பழகியவர்களுக்கு இரண்டு வித்தியாசங்கள் உடனே தெரியும். தீர்ப்புச் சொல்ல நடுவர் இல்லை, கடைசியில் அவைதான் வாக்களிக்கும். பேசிக்கொண்டிருப்பவரை எதிர்த்தரப்பு எழுந்து இடைமறிக்கலாம். அந்தக் கேள்வியை ஏற்பதா, கையசைத்து உட்காரச் சொல்வதா என்பது பேசுபவரின் உரிமை. எழுதி மனப்பாடம் செய்த பேச்சு அந்த முதல் இடைமறிப்பிலேயே சரிந்துவிடும். அதனால்தான் இந்தப் பயிற்சி வழக்கறிஞர்களையும் அரசியல்வாதிகளையும் உருவாக்குகிறது. புதிதாகப் பேசுபவர்களுக்கென்றே தனிப் போட்டிகளும் வைக்கிறார்கள். உங்கள் மகளுக்கு ஆங்கில உச்சரிப்புப் பற்றித் தயக்கம் இருந்தால் அதை விட்டுவிடச் சொல்லுங்கள். கார்க் பேச்சும் பெல்ஃபாஸ்ட் பேச்சும் டப்ளின்காரர்களுக்கே வித்தியாசமாகத்தான் ஒலிக்கின்றன. அந்த அவை வாதத்தைத்தான் எடை போடும்.

பெண் பிள்ளையை அனுப்புகிறீர்கள் என்பதால் இதைச் சொல்லாமல் போகக் கூடாது. டிரினிட்டி 1904-இல் பெண்களைச் சேர்த்தது. ஆனால் சங்கங்கள் சேர்க்கவில்லை. மாலை ஆறு மணிக்குப் பிறகு பெண்கள் வளாகத்தில் இருக்கவே கூடாது என்ற விதி பல பத்தாண்டுகள் நீடித்தது. விவாதங்களோ இரவில். எனவே மாணவியர் 1905-இல் தங்களுக்கென்று எலிசபெதன் சங்கத்தைத் தொடங்கினார்கள். தங்களுக்கான அறைகள், நூலகம், விவாதங்கள் என்று சொந்தமாகவே நடத்தினார்கள். ஹிஸ்டும் ஃபில்லும் பெண்களை உறுப்பினர்களாக ஏற்றது 1960-களின் இறுதியில்தான். பர்க்கையும் எம்மெட்டையும் கொண்டாடும் சங்கம் அறுபது ஆண்டுக்கும் மேலாகச் சக மாணவியரைக் கதவுக்கு வெளியே நிறுத்தியது என்பது எனக்கு இன்றும் ஆறாத விஷயம். எலிசபெதன் சங்கம் பின்னர் ஃபில்லோடு இணைந்துவிட்டது.

அந்தக் கதவு திறப்பதற்குச் சற்று முன், வேறொரு சங்கத்தில் நடந்ததுதான் என் மனதில் இவை எல்லாவற்றிலும் முதலிடம் பெறும் நிகழ்ச்சி. 1967-இல் டப்ளின் யூனிவர்சிட்டி சட்டச் சங்கத்தின் ஆடிட்டராக மேரி பூர்க் என்ற மாணவி இருந்தார். ஆடிட்டர் ஆனவர் ஆண்டுத் தொடக்க உரை நிகழ்த்துவது மரபு. சட்டமும் ஒழுக்கமும் என்பதை அவர் தலைப்பாக எடுத்துக்கொண்டார். மணவிலக்குக்கு அரசியல் சட்டம் விதித்த தடையை நீக்க வேண்டும், கருத்தடைச் சாதனங்கள் மீதான தடையை எடுக்க வேண்டும், ஒருபாலுறவையும் தற்கொலை முயற்சியையும் குற்றம் என்று வைத்திருக்கக் கூடாது என்று பேசினார். அன்றைய அயர்லாந்தில் இதில் ஒன்றைச் சொல்வதற்கே துணிச்சல் வேண்டும். கத்தோலிக்கர்கள் டிரினிட்டியில் சேரவே பேராயரின் அனுமதி கேட்க வேண்டியிருந்த காலம் அது. அவருடைய பெற்றோரும் அப்படி அனுமதி வாங்கித்தான் மகளை அனுப்பினார்கள். திருச்சபையின் அந்தத் தடை 1970-இல்தான் விலகியது.

மேரி பூர்க் மணமாகி மேரி ராபின்சன் ஆனார். 1969-இல் செனட்டுக்குப் போனார். கருத்தடைச் சட்டத்தை மாற்ற மசோதா கொண்டுவர முயன்றார். ஒருபாலுறவுச் சட்டத்தை எதிர்த்து டேவிட் நோரிஸ் தொடுத்த வழக்கில் வழக்கறிஞராக வாதாடி, 1988-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வென்றார். 1990-இல் அயர்லாந்தின் முதல் பெண் குடியரசுத் தலைவர். 1993-இல் ஒருபாலுறவும் தற்கொலையும் குற்றப் பட்டியலிலிருந்து நீங்கின. மணவிலக்குத் தடையை 1995 வாக்கெடுப்பு நீக்கியது. ஒரு மாணவர் சங்கத்தின் உரையில் இருந்த பட்டியல், முப்பது ஆண்டுக்குள் ஒவ்வொன்றாக நாட்டின் சட்டமாக மாறியது. அந்த மேடையை யாரும் அவருக்குத் தந்துவிடவில்லை. சட்டச் சங்கத்தில் வேலை செய்து, தேர்தலில் நின்று, ஜெயித்துப் பெற்றார். பொறுப்பை ஏற்கச் சொல்லுங்கள் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

பேச்சு மன்றங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன்; மற்றவையும் நிறைய உண்டு. பாடுவாள் என்றால் 1837 முதல் இயங்கும் பாடற்குழுச் சங்கம் இருக்கிறது. நாடகம் என்றால் 1931-இல் தொடங்கிய பிளேயர்ஸ், பருவம் முழுக்க வாராவாரம் ஏதாவது மேடையேற்றிக்கொண்டே இருக்கும். நடிக்க வேண்டும் என்பதில்லை, விளக்கு, ஒலி, உடை என்று கைவேலைக்கு எப்போதும் ஆள் தேவை. கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். எழுதுவாள் என்றால் 1953 முதல் வரும் டிரினிட்டி நியூஸ் என்ற மாணவர் பத்திரிகை, நாளிதழ் தரத்தில் செய்தி எழுதப் பழக்கும். 1950 முதல் வரும் ஐகாரஸ் கவிதையும் கதையும் வெளியிடும் இலக்கிய இதழ். பொறியியல், உயிரியல், சட்டம் போன்ற துறைச் சங்கங்களில் மூத்த மாணவர்களின் பழைய குறிப்புகளும் வேலைவாய்ப்பு விவரங்களும் கிடைக்கும். இவற்றில் ஒன்றில் எப்படியும் சேர்ந்துவிடுவாள்.

விளையாட்டில் ரக்பிக் கிளப் 1854-இல் தொடங்கியது. உலகில் இன்றும் நடக்கும் மிகப் பழைய ரக்பிக் கிளப்புகளில் ஒன்று. படகுக் கிளப் 1836-லிருந்து. லிஃபி ஆற்றில் ஐலண்ட்பிரிட்ஜில் அவர்களுடைய படகுத்துறை. கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஒரு செய்தி: நோபல் பரிசு பெற்ற சாமுவேல் பெக்கெட் டப்ளின் யூனிவர்சிட்டி அணிக்காக 1925, 1926 ஆண்டுகளில் நார்தாம்ப்டன்ஷயருக்கு எதிராக இரண்டு முதல்தர ஆட்டங்கள் ஆடியவர். இடதுகை ஆட்டக்காரர். முதல்தரக் கிரிக்கெட் ஆடிய ஒரே இலக்கிய நோபல்காரர் அவர்தான். அவர் ஆடிய காலேஜ் பார்க் மைதானத்தில் கோடையில் இன்றும் ஆட்டம் நடக்கிறது. புல்வெளி ஓரத்தில் உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கலாம்.

டிரினிட்டி மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். யூனிவர்சிட்டி காலேஜ் டப்ளினின் இலக்கிய, வரலாற்றுச் சங்கத்தை 1855-இல் தொடங்கியவர் கர்தினால் நியூமன். ஜேம்ஸ் ஜாய்ஸ் மாணவராக 1900-இல் அங்கேதான் நாடகம் பற்றிக் கட்டுரை படித்து அவையோடு மோதினார். கார்க்கிலும் கால்வேயிலும்கூட இதே வயதுச் சங்கங்கள் உண்டு. ஐரிஷ் டைம்ஸ் பத்திரிகை நடத்தும் போட்டி 1960 முதல் இந்தக் கல்லூரிகளை எல்லாம் ஒரே மேடையில் மோதவிடுகிறது.

சரி, நடைமுறைக்கு வருவோம். செப்டம்பரில் வகுப்புகள் தொடங்குவதற்கு முன் ஒரு வாரம் புதிய மாணவர் வாரம். முன் சதுக்கத்தில் வரிசையாக மேசை போட்டு, கூவி அழைத்துச் சேர்ப்பார்கள். உறுப்பினர் கட்டணம் பெரும்பாலும் சில யூரோக்கள்தான். ஆனாலும் அந்த உற்சாகத்தில் பதினைந்து சங்கங்களில் சேர்ந்துவிட்டு, அக்டோபரில் மின்னஞ்சல் மலையைத் தவிர எதையும் பார்க்காத பிள்ளைகள் ஏராளம். முதல் நாள் வெறுமனே சுற்றிப் பார்க்கட்டும், இரண்டாம் மூன்றாம் நாளில் பணம் கொடுக்கட்டும். மேசையில் இருப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: சென்ற மாதங்களில் என்னென்ன நடத்தினீர்கள்? தேதியோடு நான்கு நிகழ்ச்சிகளைச் சொன்னால் அது உயிரோடு இருக்கும் சங்கம்.

முதலாண்டு மாணவர் பிரதிநிதி என்ற பதவி பல சங்கங்களில் உண்டு. சில வாரங்களிலேயே அதற்குத் தேர்தல் வரும். நிற்கட்டும். தோற்றாலும் பெயர் தெரிந்துவிடும், அடுத்த நிகழ்ச்சிக்கு நாற்காலி போட அழைப்பார்கள், அங்கிருந்து ஏறலாம். ஆண்டுப் பொதுக்கூட்டம் பெரும்பாலும் ஹிலரி என்ற இரண்டாம் பருவத்தின் கடைசியில், வசந்த காலத்தில் நடக்கும். முக்கியப் பதவிகள் அப்போதுதான் மாறும். ஓராண்டு முதுகலைக்குப் போகிறவளாக இருந்தால் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும். அவள் பெரிய சங்கத்தின் தலைவியாவது நடக்காது, முதல் மாதத்திலேயே ஒரு சின்னச் சங்கத்தில் கை கொடுப்பதுதான் அவளுக்கு வழி.

பணம் எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கேதான் பிள்ளைகள் அதிகம் கற்கிறார்கள். மாணவர்கள் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கு சங்கங்களுக்கென்று ஒதுக்கப்படுகிறது. அதைப் பங்கிடுவது 1969-இல் அமைந்த மையச் சங்கக் குழு. சங்கங்களின் பிரதிநிதிகளே அதை நடத்துகிறார்கள். ஒவ்வொரு சங்கத்துக்கும் எழுதிய விதிமுறை வேண்டும், கணக்கு வேண்டும், ரசீது வேண்டும். நான் பொருளாளராக இருந்தபோது, செலவான தொகைக்கு ரசீது இல்லையென்றால் மானியம் இல்லை என்பதை முதல் மாதமே கற்றுக்கொண்டேன். அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தை எழுதி, அதே வயது மாணவர்கள் முன் உட்கார்ந்து ஏன் இவ்வளவு வேண்டும் என்று நியாயப்படுத்த வேண்டும். பெரிய சங்கத்தின் பொருளாளர் கையாளும் தொகை ஒரு சின்ன அலுவலகத்தின் ஆண்டுச் செலவுக்குச் சமமாக இருக்கும். எந்த நேர்முகத் தேர்விலும் இதைச் சொல்லலாம், அதுவும் நிஜமாகச் செய்த வேலை என்பதால் துணைக் கேள்விகளுக்குத் தடுமாற வேண்டியிருக்காது.

விருந்தினரை அழைப்பதும் அப்படித்தான். 1970-இல் ஹிஸ்டின் இருநூறாவது ஆண்டுவிழாவில் அமெரிக்க செனட்டர் எட்வர்ட் கென்னடி வந்து பேசினார். இன்றும் அமைச்சர்கள், நீதிபதிகள், நடிகர்கள், எழுத்தாளர்கள் வந்து போகிறார்கள். கடிதம் எழுதுவது, பதில் வராவிட்டால் மறுபடி எழுதுவது, விமானத்திலிருந்து இறங்குபவரை வரவேற்பது எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். பெரிய மனிதர் ஒருவருக்கு மரியாதை குறையாமல், அதே நேரம் குழையாமல் கடிதம் எழுதத் தெரிவது ஒரு கலை. வகுப்பில் அதற்குப் பாடம் இல்லை.

படிப்பு கெடுமா என்ற கேள்விக்கு ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். உறுப்பினராக மட்டும் இருந்தால் கெடாது. நடுத்தரப் பதவி என்றால் வாரத்தில் இரண்டு மூன்று மாலைகள் போகும், சமாளிக்கலாம். ஹிஸ்ட், ஃபில் போன்றவற்றின் தலைமைப் பதவி கிட்டத்தட்ட முழுநேர வேலை. சிலர் அதற்காகவே ஓராண்டு படிப்பை நிறுத்தி வைப்பதும் உண்டு. அப்படி ஒரு பேச்சு எழுந்தால் விசா விதிகளையும் கல்விக்கட்டணத்தையும் முதலில் பாருங்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவருக்கு அந்த வசதி சுலபமாக அமையாது.

பெற்றோர் கேட்கத் தயங்கும் ஒன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். பல சங்கங்களின் கூட்டம் முடிந்தபின் வரவேற்பு இருக்கும், ஒயினோ பியரோ வைப்பார்கள். குடிக்காதவர்கள் பழச்சாறோடு நிற்பது அங்கே வினோதமாகப் பார்க்கப்படுவதில்லை. யாரும் வற்புறுத்துவதும் இல்லை. சைவ உணவு இப்போது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. இதைவிட எனக்குக் கவலை தருவது வீட்டுப் பிரச்சினை. டப்ளினில் அறை கிடைப்பது மிகக் கடினம் என்பதால் பல மாணவர்கள் ஒன்றரை மணி நேரப் பயணத் தூரத்தில் தங்குகிறார்கள். விவாதம் இரவு பத்து மணியை ஒட்டி முடியும். கடைசிப் பேருந்தைப் பிடிக்க எட்டரைக்கே எழுந்து போகிறவர்களுக்குச் சங்க வாழ்க்கையின் நல்ல பாதி கிடைக்காமல் போகிறது. வளாகத்துக்குள் அறை கிடைக்கும் வாய்ப்பு இருந்தால், சற்று வாடகை கூடினாலும், முதலாண்டு மட்டுமாவது அதை எடுங்கள். அது முடியாவிட்டால் மதிய உணவு நேரத்தில் கூடும் சங்கமாகப் பார்த்துச் சேரட்டும். மொழிச் சங்கங்களும் துறைச் சங்கங்களும் பல நிகழ்ச்சிகளைப் பகலிலேயே வைக்கின்றன. கமன் கேலக்கில் ஐரிஷ் தெரியாதவர்களும் சேரலாம், தொடக்க நிலை வகுப்பும் உண்டு.

அவளுக்குப் பிடித்தது எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை என்றால் அவளே ஒன்றைத் தொடங்கலாம். ஆதரவுக் கையெழுத்து திரட்டி, விதிமுறை எழுதி மையச் சங்கக் குழுவிடம் கொடுக்க வேண்டும். முதலில் தற்காலிக அங்கீகாரம் கிடைக்கும். அந்தக் காலத்தில் ஒழுங்காக நிகழ்ச்சிகள் நடத்திக் காட்டினால் முழு அங்கீகாரம். இந்த விஷயத்தில் வெளிநாட்டு மாணவர் என்ற வேறுபாடு கிடையாது.